அடிமனை அவர்களுடையது, வீடு எங்களுடையது: முதலில் வாங்கும் உரிமை யாருக்கு?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய கணவரின் தாத்தா 1958-இல் சுமார் 3,000 சதுர அடி காலி மனையை மாதம் 15 ரூபாய் தரை வாடகைக்கு எடுத்திருக்கிறார். வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் கிடையாது. முதலில் ஓலைக் குடிசை, அப்புறம் ஓட்டு வீடு, 1984-இல் மாமனார் காலத்தில் தளம் போட்ட வீடு, எல்லாமே இவர்கள் செலவில். வீட்டு வரியும் மின் இணைப்பும் இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கின்றன. இப்போது தரை வாடகை 600 ரூபாய். மனையின் பின்பக்கம் இரண்டு அறை கட்டி 2011 முதல் ஒரு தையல் கடைக்கு விட்டிருக்கிறார்கள். மனைக்காரப் பெரியவர் 2021-இல் காலமாகிவிட்டார். வாரிசுகள் நான்கு பேர், அதில் ஒருவர் வெளிநாட்டில். அடுக்குமாடி கட்டுகிற ஒருவருக்கு மனையை விற்கப் பேசி முடித்தாயிற்று என்று தரகர் சொல்கிறார். ஒன்றரை வருடமாக வாடகையை வாங்க மறுக்கிறார்கள். "மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. தரகர் ஒரு பதினொரு மாத ஒப்பந்தத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கள், காலி செய்யும்போது எட்டு லட்சம் வாங்கித் தருகிறேன்" என்கிறார்.

அவர் கேட்பது இதுதான்: "அறுபது வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு விற்காமல் வெளியாளுக்கு விற்க முடியாதாமே? விற்பனைக்கு ஸ்டே வாங்கலாமா? அந்தக் காலத்து விலைக்கே கேட்க முடியுமா? இடமே நமக்குச் சொந்தம் என்று கேஸ் போடலாம் என்கிறார் என் மைத்துனர். அது சரியா?"

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீட்டில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைக் கீழே விளக்குகிறேன், ஆனால் மீதியைப் படிக்கும் முன்பே உங்கள் கணவரிடமும் மைத்துனரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு உரிமை இருக்கிறது, நல்ல உரிமைதான். ஆனால் நீங்கள் நினைக்கிற வடிவத்தில் இல்லை.

"விற்பதாக இருந்தால் குடியிருப்பவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்" என்று சென்னையில் பலர் நம்புகிறார்கள். அப்படிப் பொதுவான சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. வீடும் மனையும் இரண்டுமே உரிமையாளருடையதாக இருந்து, நாம் வெறும் வாடகைக்குக் குடியிருந்தால், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலும் சரி, அதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சரி, முதலில் வாங்கும் உரிமை என்று எதுவும் தரப்படவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் அது வேறு கதை. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு நினைவுக்கு வருகிறது. கூட்டாகச் சொத்து பெற்ற முதல் வகுப்பு வாரிசுகளில் (மனைவி, பிள்ளைகள், தாய் போன்றவர்கள்) ஒருவர் தன் பங்கை விற்றால் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு என்கிறது அது. உங்கள் மனைக்காரர் வாரிசுகள் நால்வருக்குள் அந்தக் கேள்வி எழலாம், உங்களுக்கு எழாது.

உங்களுடைய நிலைமையே வேறு. மனை அவர்களுடையது, அதன் மேல் நிற்கும் வீடு உங்களுடையது. இந்த மாதிரிக் குடும்பங்களுக்காகவே நூறு வருடத்துக்கு முன் ஒரு சட்டம் வந்தது: 1921-ஆம் ஆண்டு சென்னை மாநகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1922-இன் 3-ஆம் சட்டம். நியாயமான தரை வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் வரை நம்மை எழுப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அடுத்தவர் மனையில் வீடு கட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. உங்கள் தாத்தா அந்த நம்பிக்கையில்தான் கட்டியிருக்கிறார். செங்கல் வீடு என்றில்லை, மண், மரம், தகரத்தில் கட்டிய குடிசையும் இந்தச் சட்டத்தில் கட்டடம்தான்.

இந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. மனைக்காரர் உங்களைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், "இந்த மனையை எனக்கே விற்கும்படி அவருக்கு உத்தரவிடுங்கள்" என்று நீங்கள் அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். அவருக்கு விருப்பம் இல்லாவிட்டாலும் நீதிமன்றம் உத்தரவிட முடியும். எனக்குத் தெரிந்து நகரத்துக் குடியிருப்பாளர் கையில் இருக்கும் உரிமைகளில் இவ்வளவு வலுவானது வேறில்லை.

கவனியுங்கள், "வழக்குப் போட்டால்". இந்த உரிமை உயிர் பெறுவது அவர்கள் காலி செய்யச் சொல்லி வழக்குத் தொடுக்கும்போதுதான். விற்பனை நடக்கிறது என்பதால் அது எழுவதில்லை. 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து மடம் ஒன்றுக்கும் ஒரு மோட்டார் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 9-ஆம் பிரிவு தருவது சட்டம் கொடுத்த ஒரு சலுகை, மனையில் குத்தகைதாரருக்கு அது ஒரு சொத்துரிமையாக ஆகிவிடாது என்றது. அதனால் விற்பனையை நிறுத்த ஸ்டே கேட்டுப் போனால் காசும் காலமும்தான் போகும். விற்றுவிட்டால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். வாங்குபவர் பழைய மனைக்காரரின் இடத்தில் வந்து உட்காருகிறார், அவ்வளவுதான். உங்கள் குத்தகையோடு சேர்த்துத்தான் அவர் வாங்குகிறார். நாளைக்கு அவர் வழக்குப் போட்டாலும் இதே 9-ஆம் பிரிவு அவருக்கு எதிராகவும் நிற்கும்.

இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும் என்றே கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. ஆனால் மூன்று விஷயங்களைக் காகிதத்தோடு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, தேதி. 1979-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, ஏற்கெனவே இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த பகுதிகளில், அந்தத் திருத்தம் அரசிதழில் வெளியாவதற்கு முன் தொடங்கிய மனைக் குத்தகைகளுக்கு மட்டுமே பாதுகாப்பு. உங்கள் வீட்டுக்குத் தளம் போட்டது 1984 என்பதால் கவலைப்பட்டிருந்தீர்கள். சட்டம் பார்ப்பது மனைக் குத்தகை எப்போது தொடங்கியது என்பதை. அது 1958. அதைக் காட்டும் பழைய வாடகை ரசீது ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். இப்போது பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கத்தில் "உரிமையாளருக்குச் சொந்தமான வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு" என்று இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் இரண்டு வேலை நடக்கும். வீடு அவர்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், குத்தகையும் புதிதாக இந்த வருடம் தொடங்கியதாகிவிடும். குத்தகைதாரர் போடும் ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின் உரிமைகளைப் பறிக்காது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது, உண்மைதான். அதை வைத்து வருடக்கணக்கில் வாதாட வேண்டிய நிலைமையை எதற்காக நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்? எட்டு லட்சம் என்பது அந்தக் கையெழுத்துக்கான விலை.

இரண்டாவது, நான் அதிகம் கவலைப்படும் விஷயம். 1970-களின் ரசீதுகளில் மனைக்காரர் பெயருக்குப் பின்னால் "தர்மம்" என்று ஒரு வார்த்தை இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாதாரணமாக விடாதீர்கள். 1996-இன் 2-ஆம் சட்டத்தின் மூலம், எந்த மதமானாலும் சமய நிறுவனங்களுக்கும் சமய அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான மனைகள் இந்தப் பாதுகாப்பிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. கோயில் மனையில் இருந்த மயிலாப்பூர் கிளப் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2005-இல் அந்தத் திருத்தம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. மனை அந்தக் குடும்பத்தின் சொந்தச் சொத்தாக இருந்து, வருமானத்தில் கொஞ்சம் கோயிலுக்குக் கொடுத்தார்கள் என்றால் அது ஒன்று. மனையையே ஒரு கட்டளைக்கு, அதாவது சமய அறக்கட்டளைக்கு, எழுதி வைத்துவிட்டார்கள் என்றால் அது முற்றிலும் வேறு. அப்படி இருந்தால் 9-ஆம் பிரிவு உங்களுக்குக் கிடைக்காது, அதே சமயம் அந்த வாரிசுகளும் தங்கள் சொந்தச் சொத்து மாதிரி அதை விற்க முடியாது. பதிவு அலுவலகத்தில் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு வருடத்துக்கு வில்லங்கச் சான்று போடுங்கள், மூலப் பத்திரத்தின் நகல் எடுங்கள், நில ஆவணத்தில் யார் பெயர் என்று பாருங்கள். வேறு எதற்கும் முன்னால் இதற்குச் செலவு செய்யுங்கள்.

மூன்றாவது, குடும்பம். தாத்தாவின் குத்தகை உரிமை அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் வந்திருக்கிறது. உங்கள் கணவர், மைத்துனர், அப்புறம் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வருகிற நாத்தனார். வாரிசுகளைச் சட்டம் குத்தகைதாரராக ஏற்கிறது. உள்குத்தகைக்காரரை ஏற்பதில்லை, அதனால் தையல் கடைக்காரர் இந்த உரிமையைக் கேட்க முடியாது.

மைத்துனர் சொல்லும் வழி

"இவ்வளவு வருடம் இருந்துவிட்டோம், பன்னிரண்டு வருடம் தாண்டினால் அனுபவத்தில் சொந்தம்" என்கிற வாதம் வாடகை கொடுத்து வந்தவருக்குப் பொருந்தாது. வாடகைக்கு உள்ளே வந்தவர், வாடகைக்கு விட்டவரின் உரிமையை மறுக்க முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு, புதிய பாரதிய சாட்சியச் சட்டத்தில் 122-ஆம் பிரிவு. அதோடு, இடம் எனக்கே சொந்தம் என்று குத்தகைதாரர் உரிமை கொண்டாடுவதே குத்தகையைப் பறிமுதல் செய்யக் காரணமாகலாம் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. உங்கள் உரிமை முழுக்க "நாங்கள் குத்தகைதாரர்கள்" என்ற ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. மைத்துனர் அப்படி வழக்குப் போட்டால் அந்த வரியை அவரே அடித்துவிடுகிறார். கோபத்தில் பேசுவது புரிகிறது. ஆனால் அவர் பெயரில் ஒரு நோட்டீஸ்கூட அந்த மாதிரி வாசகத்தோடு போகக் கூடாது.

விலை, அளவு, பணம்

1958 விலைக்குக் கேட்க முடியாது. நீதிமன்றம் உத்தரவு போடும் நாளுக்கு முந்தைய மூன்று வருடச் சந்தை மதிப்பின் சராசரிதான் விலை. அதாவது வழக்கு இழுக்க இழுக்க விலையும் ஏறிக்கொண்டே போகும். இழுத்தடித்தால் நமக்கு லாபம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழு 3,000 சதுர அடியும் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். விலைக்கு முன்னால் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது, குத்தகைதாரர் வசதியாக அனுபவிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு மனை தேவை என்பதை. யாரும் கேட்காவிட்டாலும் நீதிமன்றம் அதைப் பார்த்தே ஆக வேண்டும், குத்தகைதாரரே அனுபவிக்காத இடத்துக்கு இந்த உரிமையைக் கேட்க முடியாது என்ற கருத்தில் 1987-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. உங்கள் விஷயத்தில் தையல் கடை இருக்கும் பின்பகுதி அங்கேதான் இடிக்கும். நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் ஆணையர் வந்து அளந்து பார்த்து, நீங்கள் குடியிருக்கும் வீடு, வழி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடம் போதும் என்று அறிக்கை கொடுக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,500 சதுர அடி உங்களுக்குத் தேவை என்று நீதிமன்றம் சொல்கிறது, சராசரி விலை சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 கோடியே 20 லட்சம் ஆகிறது. பணத்தைக் கட்ட நீதிமன்றம் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் தவணை கொடுக்கலாம். முழு மூன்று வருடம் கிடைத்தால்கூட மாதம் மூன்று லட்சத்துக்கு மேல் வருகிறது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. தகுந்த காரணம் காட்டினால் அந்த மூன்று வருட வரம்பைத் தாண்டாமல் நீதிமன்றம் கூடுதல் அவகாசம் தர முடியும், ஆனால் அதை நம்பி இறங்க முடியாது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. உங்கள் குடும்பத்தில் மூன்று வாரிசுகளும் உட்கார்ந்து யாரால் எவ்வளவு புரட்ட முடியும், வங்கிக் கடன் யார் பெயரில் கிடைக்கும் என்று இப்போதே பேச வேண்டும். வழக்கு வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

வாங்க முடியாவிட்டால் வெறுங்கையோடு போக வேண்டுமா?

வேண்டாம். 3-ஆம் பிரிவின்படி உங்களைக் காலி செய்ய வைத்தால் வீட்டின் மதிப்பை அவர்கள் ஈடாகத் தர வேண்டும். நீங்கள் நட்டு வளர்த்த மரங்களுக்கும் கணக்கு உண்டு. பின்பக்கத் தென்னை இரண்டையும் மறக்காதீர்கள். தீர்ப்புக்குப் பின் மூன்று மாதத்துக்குள் அந்தத் தொகையை அவர்கள் நீதிமன்றத்தில் கட்டாவிட்டால் அவர்களுடைய வழக்கே தள்ளுபடியாகிறது, அடுத்த ஐந்து வருடம் புதிய வழக்கும் போட முடியாது. வழக்குக்கு முன்பும் 11-ஆம் பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, கட்டடத்துக்கும் மரங்களுக்கும் இவ்வளவு ஈடு தருகிறோம் என்று தொகையைக் குறிப்பிட்டு, மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியில் தொகையும் இல்லை, ஈடு பற்றிய பேச்சும் இல்லை. அதைப் பார்த்து ஒரு பெட்டியைக்கூடக் கட்ட வேண்டாம். செய்தியை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பேசித் தீர்ப்பதும் ஒரு வழிதான், எனக்கு அதில் மரியாதை உண்டு. கட்டுநருக்கு வேண்டியது காலி மனை. உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் அது அவருக்குச் சீக்கிரம் கிடைக்கப் போவதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியை மட்டும் நேரடியாக உங்களுக்கு விற்கச் சொல்லலாம், அல்லது புதுக் கட்டடத்தில் ஒரு வீடு கேட்கலாம். வீடு கேட்பதாக இருந்தால் நான்கு வாரிசுகளும் கட்டுநரும் கையெழுத்திட்ட, பதிவு செய்த ஒப்பந்தமாக இருக்கட்டும், எந்த மாடி, எத்தனை சதுர அடி, எப்போது சாவி, அதுவரை வெளியில் குடியிருக்க வாடகை யார் தருவது எல்லாம் எழுத்தில் வரட்டும். ரெரா (கட்டுநர்களை ஒழுங்குபடுத்தும் ரியல் எஸ்டேட் ஆணையம்) இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிட முடியாது. மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால் அங்கே பதிவு கட்டாயமில்லை, உங்கள் 3,000 சதுர அடி என்பது சுமார் 279 சதுர மீட்டர்தான். வெளிநாட்டு வாரிசின் சார்பில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், அதிகாரப் பத்திரம் முறையாக இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிய பிறகுதான் நீங்கள் போட வேண்டும். தரகரிடம் வாய்வார்த்தையாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

வாடகையை நிறுத்தாதீர்கள். வாங்க மறுக்கிறார்கள் என்றால் நான்கு வாரிசுகளுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, வங்கிக் கணக்கு எண் கேளுங்கள், கூடவே நிலுவைக்குக் காசோலையோ வரைவோலையோ இணைத்து அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். கடிதத்தில் "தரை வாடகை" என்றே எழுதுங்கள்.

தாத்தா பெயரில் உள்ள வரி ரசீதுகள், மின் அட்டை, 1984-இல் கொத்தனாருக்குக் கொடுத்த கணக்கு நோட்டு இருந்தால் அதுவும், பழைய ரேஷன் அட்டைகள், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வீட்டை நீங்கள்தான் கட்டினீர்கள் என்பதைக் காட்டப் போவது அவைதான். தாத்தாவுக்கும் மாமனாருக்கும் வாரிசுச் சான்றிதழ் இல்லையென்றால் வாங்குங்கள்.

உங்களுக்குத் தெரியாமல் இடைக்கால உத்தரவு வாங்கிவிடுவார்களோ என்று பயம் இருந்தால் எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் கேவியட் மனு போட்டு வையுங்கள், 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆள் வைத்து மிரட்டினாலோ தண்ணீரை நிறுத்தினாலோ, சட்டப்படி அல்லாமல் எங்களை வெளியேற்றக் கூடாது என்று தடையுத்தரவு கேட்க நீங்களே நீதிமன்றம் போகலாம். அது விற்பனைக்குக் கேட்கும் ஸ்டே அல்ல, உங்கள் குடியிருப்புக்கான பாதுகாப்பு. அது கிடைக்கும்.

கடைசியாக, கெடு. வழக்கின் சம்மன் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரே ஒரு மாதத்துக்குள் 9-ஆம் பிரிவு மனுவைப் போட்டாக வேண்டும். எதிர்வுரை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று வாய்தா வாங்கிக்கொண்டே போய் இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு அவர்களுக்கு மிஞ்சியது ஈட்டுத் தொகை பற்றிய பேச்சு மட்டும்தான். வீட்டில் யார் சம்மனை வாங்கினாலும், குழந்தைகள் வாங்கினாலும்கூட, தேதியை உடனே எழுதி வைத்து அன்றைக்கே வழக்கறிஞருக்குச் சொல்லுங்கள். பலமுறை திருத்தப்பட்ட சட்டம் இது, மனு எழுதும் நாளில் திருத்தங்களோடு உள்ள பிரதியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மனுவில் மூன்று வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும் என்பதால், நாத்தனாரிடம் இந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள்.